கறுப்பு அபாயாவைப் படம் பிடித்த நான்கு மாதங்கள்

கறுப்பைப் படம் பிடிப்பதைப்போல எரிச்சல் தரும் வேலை வேறில்லை. சிவப்பும் பச்சையும் சொல் கேட்கும். கறுப்பு கேட்காது. வெளிச்சம் குறைந்தால் சுவரில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். கூடினால் அடுப்புச் சாம்பலின் நிறத்துக்குப் போய்விடும். விடிந்தும் விடியாத நேரத்தில் எடுத்தால் கடும் நீலமாகத் தெரியும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. என் கணவர் மௌத்தாகி மூன்றாவது கிழமை, வெளியே கால் வைக்க முடியாமல் வீட்டுக்குள் இருந்தபோது, படம் படமாகக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் உடுப்பு வியாபாரி. கடை கிடையாது. மோட்டார் சைக்கிளின் பின்னால் பெரிய பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு, வடக்கே பெரியநீலாவணையிலிருந்து தெற்கே பொத்துவில் வரைக்கும் வீடு வீடாகப் போவார். உடுப்பென்றால் பெண்கள் தொட்டுப் பார்க்க வேண்டும், கசக்கிப் பார்க்க வேண்டும், விலையைக் கேட்டு முகத்தைச் சுளிக்க வேண்டும், அப்போதுதான் அது வியாபாரம் என்பார். நோன்புப் பெருநாளுக்கென்று கொழும்பிலிருந்து ஐந்து கட்டு அபாயா இறக்கியிருந்தார். இறக்கி நான்காம் நாள் காலை, நான் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டு வருவதற்குள், கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. கட்டுகள் முன் அறையில் அவர் போட்ட முடிச்சோடு அப்படியே கிடந்தன.

கணவர் மௌத்தானால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியே போகாமல், அலங்காரம் எதுவும் செய்யாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அதை நான் குறை சொல்லவில்லை. மனதார நிய்யத்து வைத்துத்தான் இருந்தேன். ஆனால் ஓரிடத்தில் இருப்பது என்பது சின்ன வயதிலிருந்தே எனக்கு வராத வேலை. பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடியில் பாதி அதற்காக வாங்கியதுதான். இப்போது கட்டிலில் இருந்தால் அவர் நினைப்பு வந்தது, எழும்பினால் கட்டுகள் கண்ணில் பட்டன. குசினிக்கும் அறைக்கும் நடந்து நடந்து சீமெந்துத் தரையே தேய்ந்திருக்கும்.

இத்தாவில் வெள்ளைதான் உடுக்க வேண்டும் என்று மார்க்கத்தில் இல்லை என்கிறார்கள். ஆனால் எங்கள் ஊர்ப் பழைய ஆட்களிடம் இருக்கிறது. கண்ணாடி பார்க்கக் கூடாது என்பதும் அவர்களிடம் இருக்கிறது. மையத்தை அடக்கம் செய்த அன்றே என் மாமி, அதாவது கணவரின் உம்மா, எனக்கு ஐந்து வெள்ளை உடுப்புகளை மடித்து வைத்தார். பிறகு அறையில் இருந்த அலுமாரிக் கண்ணாடியின் மேல் ஒரு வெள்ளை விரிப்பைப் போட்டு நான்கு முனையையும் இறுக்கிக் கட்டினார். மாமியும் வெள்ளைதான். மாமா மௌத்தாகிப் பல வருடங்களாகியும் அவர் வேறு நிறத்துக்கு மாறவில்லை. அன்று அவர் பெற்ற மகனும் மண்ணுக்குள் போயிருந்தான்.

மூன்றாவது கிழமை ஒரு செய்தி வந்தது. கணவரின் காக்கா, அதாவது அவருடைய அண்ணன், அக்கரைப்பற்றில் துணிக்கடை வைத்திருப்பவர், மாமி மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். கட்டுகளை அவர் கடைக்கு எடுத்துக்கொள்வாராம். விற்றுத் தருவாராம். இனிமேல் மாதா மாதம் என் வீட்டுச் செலவையும் அவரே பார்த்துக்கொள்வாராம். பெருநாளைக்குப் பத்து நாள் இருக்க வந்து ஏற்றுவதாகச் சொல்லியிருந்தார். நல்ல மனிதர். அதுதான் என் எரிச்சல். கெட்டவர் என்றால் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லிவிடலாம். நல்லவருடைய கையிலிருந்து வருவதை வாங்கி வாங்கி வாழ்வது எப்படியிருக்கும் என்று யோசித்தேன். பிள்ளைக்கு ஒரு சப்பாத்து வாங்கவும் அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். கட்டுகள் போனால் வியாபாரமும் போகும், அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. என் இத்தா முடிய மூன்று கிழமை இருக்கும்போதே பெருநாள் வந்துவிடும். அதற்கு முன்பு, இந்த வீட்டுக்குள் இருந்தே, அவற்றை நான் விற்றாக வேண்டும்.

பக்கத்து வளவில் தங்கச்சியின் வீடு. அவளுடைய கணவர் மௌலவி ஒருவரிடம் போய்க் கேட்டு வந்தார். வீட்டிலிருந்து வியாபாரம் செய்யலாம், அலங்காரம்தான் கூடாது என்றாராம் மௌலவி. எனக்கு அது போதும். கணவரின் போனில் அவருடைய வாடிக்கைக்காரப் பெண்களின் எண்கள் எல்லாம் இருந்தன. தங்கச்சி அவர்களைச் சேர்த்து வாட்ஸ்அப்பில் பெண்களுக்கு மட்டுமாக ஒரு குழு உண்டாக்கினாள். பொதிகளைக் கூரியர் காரியாலயத்துக்குக் கொண்டுபோவதும் அவள் பொறுப்பு. படம் எடுப்பது என் பொறுப்பு. அதில் என்ன இருக்கிறது, போனை நீட்டினால் படம் என்று நினைத்தேன்.

அந்தப் போனில் அவரும் சில படங்கள் எடுத்து வைத்திருந்தார். கதவு நிலையில் ஆணி அடித்து, அதில் அபாயாவைத் தொங்கவிட்டு எடுத்தவை. எல்லாவற்றிலும் கீழ் மூலையில் அவருடைய பெருவிரல் விழுந்திருந்தது. உயிரோடு இருந்தபோது அந்த விரலுக்காக அவரை எவ்வளவு நக்கல் அடித்திருப்பேன். இப்போது அதைப் பெரிதாக்கி நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியாபாரத்துக்கு உதவாத படங்கள், ஆனாலும் அழிக்கவில்லை.

நானும் அதே ஆணியில்தான் தொடங்கினேன். தொங்கிய அபாயாவைப் பார்த்தால் வாங்க ஆசை வரவில்லை, பயம்தான் வந்தது. தரையில் பாய் விரித்துப் பரத்தி எடுத்தேன். கதிரையில் ஏறி மேலிருந்து எடுத்தபோது என் நிழலும் சேர்ந்து படுத்துக்கொண்டது. போனின் மின்வெளிச்சத்தைப் போட்டால் கல் வேலைப்பாடு மட்டும் மினுங்கி, மற்றதெல்லாம் காணாமல் போனது. கடைகளில் இருக்கும் தலையில்லாத பொம்மை ஒன்று வாங்கினால் எல்லாம் சரியாகும் என்று கேட்டுப் பார்த்தோம். அந்த விலைக்கு ஒரு தையல் மெஷினே வாங்கலாம். விளக்குமாற்றுத் தடியைக் குறுக்கே கட்டி, தலையணையை வைத்து, நானே ஒரு பொம்மை செய்தேன். தங்கச்சி வந்து அதைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள்.

"ராத்தா, இத யாரு வாங்குவா? வயலுக்க நிக்கிற வெருளி இதவிட வடிவு."

அவளோடு இரண்டு நாள் கோபம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவள் போகும்போது முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது.

முதல் மாதத்தில் நாங்கள் அனுப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதிலும் ஒன்று திரும்பி வந்தது. சம்மாந்துறையிலிருந்து ஒரு பெண் குரல் செய்தி அனுப்பியிருந்தார். படத்தில் கடும் நீலம் என்று நம்பித்தான் எடுத்தாராம், பொதியைப் பிரித்தால் கறுப்பாம். கறுப்பு அவரிடம் ஏற்கனவே ஆறு இருக்கிறதாம். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. ஐந்து கட்டுகளில் நான்கரை அப்படியே கிடந்தது. மாமி கிழமைக்கு இரண்டு தரம் சாய்ந்தமருதிலிருந்து வருவார். வந்ததும் கட்டுகளை ஒரு பார்வை பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குள்ளே வெளிச்சம் தேடித் திரிந்தேன். முற்றத்தில் எடுத்தால் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் எங்கள் மதில் மார்பளவுதான், ஒழுங்கையில் மீன்காரரும் கடற்கரைக்குப் போகிறவர்களும் ஓயாமல் போவார்கள். தெற்குப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் மேல்மாடி எழுப்பி வெயிலை மறைத்துவிட்டார். மிஞ்சியது என் அறையின் கிழக்கு யன்னல். கடல் பக்கமிருந்து வரும் வெயில், காலை ஏழு மணிக்கு மெல்லிய திரைச்சீலையில் பட்டு அறைக்குள் வரும். ஒன்பதுக்கெல்லாம் ஓட்டு விளிம்புக்கு மேலே ஏறிப் போய்விடும். எனக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது அந்த இரண்டு மணித்தியாலம்.

அதற்குள் வேலை கற்றேன். தங்கச்சியின் கணவர் தூண்டில் போடுகிறவர். அவரிடமிருந்து தங்கூசி நரம்பு வாங்கி, மேலே கூரை வளையிலிருந்து அபாயாவைத் தொங்கவிட்டேன். நரம்பு படத்தில் தெரியாது, உடுப்பு யாரோ உடுத்து நிற்பதுபோல அந்தரத்தில் நிற்கும். கைகளுக்குள் பழைய பத்திரிகைக் கடுதாசியைச் சுருட்டி வைத்தால் கையில் உயிர் வந்தது. பின்பக்கம் ஊசி குத்தி இடுப்பைப் பிடித்தேன். கறுப்பு தூசைக் காந்தம்போல இழுக்கும். அகலமான ஒட்டுப் பட்டியை உள்ளங்கையில் மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு, உடுப்பெல்லாம் ஒற்றி ஒற்றி எடுத்தேன். போன் திரையில் கறுப்பின் மேல் விரலை வைத்து, வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தால் சாம்பல் நிறம் போகும் என்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். ஆனாலும் ஒரு குறை. யன்னல் பக்கத்துப் பாதி அருமையாக விழுந்தது. மற்றப் பாதி இருட்டு. அந்தப் பாதியில் மடிப்பும் இல்லை, தையலும் இல்லை.

அந்தப் பக்கம் நின்றது அலுமாரி. அதில் விரிப்பால் மூடிய கண்ணாடி.

இரண்டரை மாதம் ஆகும் நேரம். அன்று காலை ஏழரை மணிக்கு நான் மாமியின் முடிச்சை அவிழ்த்தேன். என் முகத்தைப் பார்ப்பதற்காக இல்லை என்பதை அல்லாஹ் அறிவான். வெயிலைத் திருப்புவதற்கு எனக்கு ஒரு கண்ணாடி வேண்டும், வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். கழற்றிய விரிப்பைச் சும்மா விடவும் மனமில்லை. அபாயாவுக்குப் பின்னால் சுவரில் அதைக் கட்டினேன், சுவரின் அழுக்கு மறைந்தது. அலுமாரிக் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். வெயில் கண்ணாடியில் பட்டுத் திரும்பி அபாயாவின் இருட்டுப் பாதியில் போய் விழுந்தது. கழுத்திலிருந்து கால்வரை ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது, கை விளிம்பின் கறுப்பு நூல் வேலையும் தெரிந்தது. கறுப்பு அன்றுதான் கறுப்பாக விழுந்தது. ஒன்பது மணிக்குள் பதினொரு அபாயா எடுத்தேன். எல்லாவற்றையும் குழுவில் போட்டுவிட்டு, இரண்டு மாதத்துக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன்.

பத்தரை மணிக்குத் தங்கச்சி பின் கதவால் ஓடிவந்தாள்.

"ராத்தா, ஏழாவது படத்துல கண்ணாடியப் பாருங்க."

பார்த்தேன். படத்தின் இடது ஓரத்தில் அலுமாரிக் கதவு ஒரு கீற்று விழுந்திருந்தது. அந்தக் கீற்றில் நான். கையில் போன், வெள்ளை உடுப்பு, முக்காடு தோளில் கிடக்கிறது, தலைமுடி முழுவதும் தெரிகிறது. வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

உடனே அழித்தேன். அழித்து என்ன, அதற்குள் யாரோ அந்த மூலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி வேறு குழுக்களுக்கு அனுப்பிவிட்டார்கள். பெண்கள் குழு என்று பெயர்தான், போன்கள் வீட்டில் எல்லாருடைய கையிலும்தான் கிடக்கின்றன. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடமுடியுமா? முடி தெரிந்ததைக் குறை சொன்னால் தலை குனிந்திருப்பேன், அது என் பிழைதான். ஆனால் எல்லாரும் பேசியது முடியைப் பற்றி இல்லை. சிரிப்பைப் பற்றி. எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. அதிலே கோபம்தான் கூட. அத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள், ஒருத்திக்காவது அந்த அபாயா கண்ணில் படவில்லை.

அஸர் தொழுகைக்கு முன்பே மாமி ஆட்டோவில் வந்து இறங்கினார். முக்காட்டுக்குள் முகம் வெளிறிப் போயிருந்தது. கதிரையில் இருக்கவில்லை. யாரோ அவருடைய போனுக்கு அனுப்பிய அந்த மூலையை எனக்கு முன்னால் நீட்டினார்.

"இது நீதானே?"

"ஓம் மாமி."

"சிரிச்சிக்கிட்டு நிக்கிறாய்."

நான் முக்காட்டை இழுத்துவிட்டேன்.

"மையத்து வீட்டுல என்னோட சேந்து அழுத பொம்புள ஒராள்தான் இத எனக்கு அனுப்பின. கண்ணாடிக்கு முன்னால நிண்டு ஒன்ட மருமகள் சிரிக்காள் எண்டு செல்றா. எனக்கி மறுத்து ஒரு வார்த்த செல்ல ஏலாமப் போச்சி."

"கறுப்பு கறுப்பா விழுந்திச்சி மாமி. அதுக்குத்தான் சிரிச்சன்."

அவருக்கு அது விளங்கியதா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அறைக்குள் போனார். சுவரில் நான் கட்டியிருந்த விரிப்பைக் கழற்றி, உதறி, மறுபடி கண்ணாடியில் கட்டினார். இந்தத் தரம் முடிச்சுக்கு மேல் முடிச்சு. பிறகு ஆட்டோக்காரரை அனுப்பிவிட்டுத் தன் பையைக் கட்டிலுக்கடியில் வைத்தார். இத்தா முடியும் வரைக்கும் இங்கேதான் இருக்கப் போவதாக என்னிடம் இல்லை, தங்கச்சியிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கஷ்டமானவை. மாமி கட்டிலில் தஸ்பீஹ் மணியோடு இருப்பார். நான் எழும்பினால் அவருடைய கண்ணும் எழும்பும். என்னைத் திட்டவே இல்லை. திட்டினால் நானும் இரண்டு சொல் சொல்லி ஆறியிருப்பேன். காலை ஏழு மணிக்கு யன்னலில் வெளிச்சம் வரும்போது என் கை காலெல்லாம் துடிக்கும். ஒரு கிழமை பொறுத்தேன். அதற்குள் நோன்பு தொடங்கிவிட்டது. ஊரெல்லாம் பெருநாள் உடுப்பு எடுக்கத் தொடங்கும் நேரம் அது. மாமி பார்த்தால் பார்க்கட்டும் என்று ஒரு நாள் மறுபடியும் அபாயாவை வளையில் தொங்கவிட்டேன். கண்ணாடியைத் தொடவில்லை. பாதி இருட்டாகத்தான் வரும், வரட்டும், ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

தங்கச்சி போனைப் பிடித்திருந்தாள். நான் இருட்டுப் பக்கமாக நின்று கை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நான் விலகுவதற்கு முன்பே அவள் அவசரத்தில் அழுத்திவிட்டாள். என் முழங்கை விழுந்து கெட்டுப்போன படம். திட்டுவதற்காக வாங்கிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இருட்டுப் பாதியில் வெளிச்சம் இருந்தது. கண்ணாடி வெளிச்சம் மாதிரிக் குத்தாத, மெதுவான வெளிச்சம். இடுப்பு மடிப்பெல்லாம் தெரிந்தது. கண்ணாடியோ மூடிக் கிடக்கிறது. பிறகு எங்கிருந்து வந்தது இது?

விலகி நின்று ஒன்று எடுக்கச் சொன்னேன், இருட்டு. கிட்டப்போய் நின்று ஒன்று, வெளிச்சம். மூன்று தரம் அப்படிச் செய்து பார்த்தேன். வேறொன்றுமில்லை, நான் உடுத்திருந்த வெள்ளைதான். யன்னல் வெயில் என் மேல் பட்டு, என் மேலிருந்து கறுப்பில் போய் விழுகிறது. இரண்டு மாதத்துக்கு மேலாகப் பார்க்கப் பார்க்க வெறுப்பாக இருந்த உடுப்பு அது.

அன்று நான்கு படம் எடுப்பதற்குள் தங்கச்சி தன் பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டாள். மணி எட்டு. இன்னும் ஒரு மணித்தியால வெளிச்சம் கிடக்கிறது. போனை நான் பிடித்தால் பக்கத்தில் நிற்க ஆள் இல்லை. வெளிச்சத்தைத் திருப்ப வெள்ளை ரெஜிபோம் அட்டை ஒன்று இருந்தால் போதும், ஆனால் அதை வாங்கிவர அடுத்த நாளாகும். பெருநாள் நெருங்குகிறது. நான் போனை வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தேன். வீட்டில் வெள்ளை உடுத்த ஆள் இன்னும் ஒருவர் இருந்தார்.

கேட்பதற்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்டேன். எதற்கென்றும் சொன்னேன். உங்கள் முகமோ கையோ விழாது, பக்கத்தில் நின்றால் போதும், உங்கள் சீலையின் வெள்ளை அதில் படும் என்றேன். கண்ணாடியை எதற்குத் திறந்தேன் என்பதையும் அதோடு சொன்னேன். ஒரே மூச்சில் சொல்லியதில் எனக்கே மூச்சு வாங்கியது. மாமி தஸ்பீஹை உருட்டி முடிக்கும்வரை என்னைப் பார்க்கவில்லை. மறுக்கப் போகிறார் என்று நினைத்து நரம்பை அவிழ்க்கக் கையை உயர்த்தினேன்.

மாமி கட்டிலிலிருந்து எழும்பினார்.

"எவடத்த நிக்கணும்?"

இடத்தைக் காட்டினேன். நோன்போடு, சீலைத் தலைப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒன்பது மணிவரை நின்றார். கதிரையில் இருங்கள் என்றாலும் இருக்கவில்லை. முடிந்ததும் போனை வாங்கி ஒவ்வொரு படமாக, மூலை மூலையாகப் பெரிதாக்கிப் பார்த்தார். தன் விரலோ முந்தானையோ எங்காவது விழுந்திருக்கிறதா என்று தேடினார். அப்படித் தேடும்போது இரண்டு இடத்தில் நூல் ஒட்டியிருந்ததையும், ஒரு கை கோணலாக இருந்ததையும் கண்டுபிடித்தார். எனக்குத் தெரியாமல் போன குறைகள் அவை. அவற்றைத் திரும்ப எடுக்கச் சொன்னார், மறுநாள் எடுத்தேன். அவர் பார்க்காத படம் ஒன்றும் அதற்குப் பிறகு குழுவுக்குப் போகவில்லை.

குழுவுக்குப் புதிதாகப் பார்க்க வந்தவர்களில் எத்தனை பேர் சிரித்த முகத்தைத் தேடி வந்தார்களோ தெரியாது. வந்தவர்கள் அபாயாவைப் பார்த்தார்கள். நீலம் என்று நினைத்த சம்மாந்துறைப் பெண்கூட ஏழாவது கறுப்பாக ஒன்று எடுத்தார். தங்கச்சி கூரியருக்கு ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஓடினாள். முன் அறையில் நடக்க இடம் வந்தது.

பெருநாளைக்குப் பத்து நாள் இருக்க, சொன்னபடியே கணவரின் காக்கா வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வேனோடு வந்தார். நான் அவருக்கு முன்னால் வரக் கூடாது. அறைத் திரைக்குப் பின்னால் நின்றேன். இரண்டு கட்டு மிச்சம் இருந்தது. இரண்டையும் ஏற்றிவிட்டால் இவ்வளவு பாடும் எதற்கு என்று நினைத்தேன். அவர் கட்டுகளைத் தூக்கிப் பார்ப்பது கேட்டது. பிறகு மாமியின் குரல் கேட்டது.

"அத வை மகன். அது அவள்ட சாமான், அவள் விப்பாள்."

பெருநாளைக்குப் பத்து நாள்தான் கிடக்கிறது உம்மா என்றார் அவர். பத்து நாள் கிடக்கிறதுதானே என்றார் மாமி. கட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, வந்ததுதான் வந்தாய், பொண்டாட்டிக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போ என்றும் சொன்னார். அவர் ஒன்றை எடுத்தார், விலை குறைக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை. திரைக்குப் பின்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பெருநாள் வந்தது. என் பிள்ளைகள் புது உடுப்போடு போனார்கள், நான் யன்னலால் பார்த்தேன். கட்டுகளில் மிஞ்சியது ஐந்து உருப்படி. கொழும்பு மொத்த வியாபாரியிடம் போனிலேயே கதைத்து அடுத்த கட்டுக்குச் சொன்னேன். முதலில் அவர் சொன்ன விலைக்கு ஓம் என்றேன், பிறகு பேரம் பேசினேன்.

நான்கு மாதமும் பத்து நாளும் முடிந்த அன்று குளித்தேன். வெள்ளை உடுப்பு ஐந்தையும் துவைத்துக் கொடியில் போட்டேன். இனி இவற்றைத் தொடுவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எத்தனை நாள் விரலில் எண்ணியிருப்பேன். தங்கச்சி கொண்டுவந்த றோஸ் நிற உடுப்பை உடுத்தேன், உடம்பே இலேசானது. மாமி வந்து தான் போட்ட முடிச்சுகளைத் தானே அவிழ்த்து விரிப்பை மடித்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். முகம் மெலிந்திருந்தது. ஆனால் வெயில் கண்ணாடியில் எந்த இடத்தில் விழுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

கண்ணாடியை மறுபடி படத்துக்கு வைக்கவில்லை, அந்தக் குத்துகிற வெளிச்சம் இனி எனக்குப் பிடிக்காது. மறுநாள் காலை, கொழும்பிலிருந்து வந்த புதுக் கட்டைப் பிரித்து முதல் அபாயாவைத் தொங்கவிட்டேன். தங்கச்சி போனைப் பிடித்தாள், நான் வழக்கமான பக்கத்தில் நின்றேன். படத்தைப் பார்த்தேன். கறுப்பு செம்மண் பட்ட மாதிரி இருந்தது. இன்னொன்று எடுத்தோம், அதுவும் அப்படித்தான். இன்னும் ஒருத்தி மண்ணிறம் என்று நினைத்து வாங்கித் திருப்பி அனுப்புவாள். என் றோஸ் உடுப்பு தன் நிறத்தைக் கறுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது.

மணி ஏழே முக்கால். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நான் வெளியே போனேன். மதிலோரக் கொடியில் காய்ந்த வெள்ளையில் ஒன்றை இழுத்தேன், அறைக்குள் வந்து மாற்றினேன்.

"ராத்தா, இத்தாதான் முடிஞ்சிட்டே. மறுகாவும் என்னத்துக்கு இது?" என்றாள் தங்கச்சி.

படத்துக்கு என்றேன். ஒருவரும் சொல்லாமல், நாள் எண்ணாமல், நானாக எடுத்து உடுத்த வெள்ளை அது. ஒன்பது மணிக்குக் கழற்றிவிடலாம். திரும்பிப் பார்த்தபோது மாமி சீலைத் தலைப்பை விரித்துப் பிடித்தபடி, அபாயாவின் இருட்டுப் பக்கத்தில், தன்னுடைய இடத்தில் போய் நின்றிருந்தார்.